கோடைத் தவணை: இங்கிலாந்தில் செகண்டரி படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஈஸ்டர் லீவு முடிந்து பிள்ளைகள் திரும்பும் நாளிலிருந்து ஜூலை மூன்றாம், நான்காம் கிழமை வரை நடப்பது கோடைத் தவணை. பாடசாலையிலிருந்து மின்னஞ்சல் அதிகமாக வருவது இந்தத் தவணையில்தான். நம்முடைய கலியாணங்கள், அரங்கேற்றங்கள், ஊர்ப் பயணங்கள் வந்து குவிவதும் இதே மாதங்களில்தான். இரண்டும் மோதும்போது எதை முதலில் செய்வது என்று தெரியாமல்தான் குடும்பங்கள் சிக்கலில் மாட்டுகின்றன. அதனால் இங்கே வரிசைக்கே முக்கியத்துவம் கொடுத்திருக்கிறேன். சொல்லியிருப்பது இங்கிலாந்துக்குப் பொருந்தும். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் விதிகள் வேறு.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

பிள்ளையின் கடவுச்சீட்டு, பாடசாலை இணையத்தளத்தில் உள்ள தவணைத் திகதிகள், பாடசாலை பயன்படுத்தும் ஆப்பின் லாகின். இந்த மூன்றும் போதும்.

ஆப்பைப் பற்றி ஒன்று. ஆர்பர், கிளாஸ்சார்ட்ஸ், பேரன்ட்பே என்று ஒவ்வொரு பாடசாலையும் ஒன்றோ இரண்டோ வைத்திருக்கும். பல வீடுகளில் அப்பாவின் பழைய மின்னஞ்சல் மட்டும்தான் பதிவில் இருக்கிறது. அவர் அதைத் திறப்பதே இல்லை. பிள்ளையோடு தினமும் மல்லுக்கட்டும் அம்மாவுக்கு ஒரு செய்தியும் வருவதில்லை. பாடசாலை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு இருவரையும் சேர்க்கச் சொல்லுங்கள். லாகினைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடாதீர்கள். டிடென்ஷன் (தண்டனையாகப் பாடசாலையில் நிறுத்திவைப்பது) செய்தியை அழிக்க எந்தப் பிள்ளைக்கும் இரண்டு விநாடி போதும்.

1. எல்லாத் திகதிகளையும் ஒரே இடத்தில் எழுதுங்கள்

மே மாதத்தின் முதல் திங்கள் வங்கி விடுமுறை. மே கடைசிக் கிழமை ஹாஃப் டேர்ம், அதாவது தவணை நடுவே வரும் ஒரு கிழமை லீவு. இவை எல்லோருக்கும் தெரியும். தவறவிடப்படுவது இன்செட் நாட்கள். ஆசிரியர் பயிற்சிக்காகப் பிள்ளைகளுக்கு லீவு விடும் நாட்கள் அவை. ஒவ்வொரு பாடசாலையும் தானே திகதி குறிப்பதால் அக்கா ஒரு பாடசாலையிலும் தம்பி வேறொன்றிலும் இருந்தால் இவை ஒத்துப்போகாது. தவணையின் கடைசி நாளன்று பல பாடசாலைகள் மதியத்தோடு விட்டுவிடும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பரீட்சைத் திகதிகள். ஜிசிஎஸ்இ (இயர் 11 முடிவில் எழுதும் பொதுப் பரீட்சை), ஏ லெவல் (இயர் 13 முடிவில் எழுதுவது) எழுத்துப் பரீட்சைகள் மே முற்பகுதியில் தொடங்கி ஜூன் பிற்பகுதி வரை போகும். பிள்ளையின் கடைசி வினாத்தாள் ஜூன் 12இல் முடிந்தாலும், நாட்காட்டியில் 'பரீட்சை முடிந்தது' என்று அந்த நாளில் எழுதக்கூடாது. நாடு முழுவதும் ஏதாவது பெரிய இடையூறு வந்தால் ஒத்திவைத்த வினாத்தாளை நடத்த ஒரு மாற்று நாள் ஒதுக்கப்படுகிறது. 2026இல் அது ஜூன் 24. அதுவரை பரீட்சை எழுதும் பிள்ளை நாட்டில் இருக்க வேண்டும். 'நாங்கள் லீவில் போய்விட்டோம்' என்பதைப் பரீட்சைச் சபைகள் காரணமாக ஏற்றுக்கொள்ளாது.

கடைசியாகப் பெறுபேற்று நாட்கள். 2026இல் ஏ லெவலுக்கு ஆகஸ்ட் 13, ஜிசிஎஸ்இக்கு ஆகஸ்ட் 20. இவற்றைத் தவணையோடு சேர்ந்தவையாகவே எண்ணுங்கள். ஏன் என்பது எட்டாம் படியில் வரும்.

2. பயண டிக்கெட்டுக்கு முன் லீவு விதியைப் பாருங்கள்

அதிகமான குடும்பங்கள் தடுக்கி விழும் இடம் இது. ஜூலை முதல் கிழமையில் கொழும்புக்கோ சென்னைக்கோ டிக்கெட் மலிவு. பாடசாலை மூடியதும் விலை ஏறிவிடும். அதனால் முதலில் டிக்கெட்டை எடுத்துவிட்டு, பிறகு பாடசாலையிடம் கேட்கிறோம். இந்த வரிசை பிழை.

தவணை நாட்களில் லீவு கொடுக்க அதிபருக்கு அதிகாரம் உண்டு, ஆனால் விதிவிலக்கான சூழ்நிலைக்கு மட்டும். டிக்கெட் மலிவாகக் கிடைத்தது அப்படியொரு சூழ்நிலை ஆகாது. நெருங்கிய உறவினரின் மரணச் சடங்குக்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். உடன்பிறந்தவரின் கலியாணத்துக்கு ஒருநாள், இரண்டு நாள் கிடைக்கலாம். சாமத்தியவீட்டுக்கோ கோயில் திருவிழாவுக்கோ ஒரு கிழமை கேட்டால் பொதுவாக மறுத்துவிடுவார்கள். எதுவானாலும் பிள்ளை வசிக்கும் வீட்டின் பெற்றோர் முன்கூட்டியே எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். போய்வந்த பிறகு கேட்டால் கிடைக்காது.

அனுமதியில்லாமல் போனால் என்ன ஆகும்? ஒரு பாடசாலை நாளில் காலை, மாலை என்று இரண்டு வருகைப் பதிவுகள். 10 பாடசாலைக் கிழமைகளுக்குள் 10 பதிவுகள், அதாவது 5 நாட்கள், அனுமதியின்றித் தவறினால் தண்டப்பணம் விதிப்பதைப் பாடசாலை பரிசீலிக்க வேண்டும். தொகை 80 பவுண்ட். 21 நாட்களுக்குள் கட்டாவிட்டால் 160. அதையும் 28 நாட்களுக்குள் கட்ட வேண்டும். இது ஒரு குடும்பத்துக்கான கணக்கில்லை. ஒவ்வொரு பெற்றோருக்கும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றால் 320 பவுண்ட் வரை, பிந்தினால் 640 வரை வரலாம். மூன்று வருடத்துக்குள் அதே பிள்ளைக்கு இரண்டாம் முறை என்றால் நேராக 160தான், சலுகை இல்லை. மூன்றாம் முறைக்குத் தண்டப்பணக் கடிதம் வராது. விஷயம் நீதிமன்றம் வரைக்கும் போகலாம்.

'தண்டம் கட்டினாலும் டிக்கெட்டில் மிச்சம்' என்று கணக்குப் போடுபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கணக்கில் வராதது ஒன்று உண்டு. அனுமதி பெற்றுப் போன பிள்ளை, லீவு முடிந்து 10 பாடசாலை நாட்களுக்குள் திரும்பவில்லை என்றால், உரிய விசாரணைக்குப் பிறகு பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுக்கப் பாடசாலைக்கு வழி இருக்கிறது. காத்திருப்போர் பட்டியல் நீண்ட பாடசாலை என்றால் அந்த இடம் உடனே வேறொருவருக்குப் போய்விடும். ஊரில் விமானம் தவறினாலோ, அம்மம்மாவுக்குச் சுகமில்லாமல் போனாலோ அன்றைக்கே பாடசாலைக்கு எழுதுங்கள்.

'காய்ச்சல்' என்று சொல்லிவிட்டுப் போவதும் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். பாடசாலை ஆதாரம் கேட்கலாம். அதைவிட, ஆசிரியரிடமும் நண்பர்களிடமும் அந்தப் பொய்யைக் கட்டிக்காக்கும் வேலையைப் பிள்ளையின் தலையில் சுமத்துகிறோம். 12 வயதுப் பிள்ளைக்கு அது பெரிய பாரம்.

ஆகவே திகதி, விண்ணப்பம், எழுத்தில் பதில், அதன் பிறகுதான் டிக்கெட்.

3. பரீட்சைப் பதிவில் பெயரைச் சரிபாருங்கள்

இயர் 11, இயர் 13 பிள்ளைகளுக்குப் பாடசாலை ஒரு தனிநபர் பரீட்சை அட்டவணை கொடுக்கும். பெரும்பாலான வீடுகளில் திகதியை மட்டும் பார்க்கிறார்கள். மேலே இருக்கும் பெயரை முதலில் பாருங்கள்.

நம் பிள்ளைகளுக்கு இது ஏன் பிரச்சினையாகிறது என்றால், தகப்பன் பெயர் சில கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கும், சிலதில் முழுப்பெயரின் நடுவே இருக்கும், சிலதில் குடும்பப் பெயர் இடமே வெறுமையாக இருக்கும். ஆரம்பப் பாடசாலையில் சேர்க்கும்போது யாரோ அவசரத்தில் எழுதிய சுருக்கமான பெயர்தான் இன்றுவரை பதிவில் தொடர்ந்து வரும். உதாரணமாகக் கடவுச்சீட்டில் 'கவிநிலா சிவகுமார்', பாடசாலைப் பதிவில் 'நிலா குமார்'. வகுப்பில் அப்படிக் கூப்பிடுவதில் தவறில்லை. சான்றிதழில் அப்படி வந்துவிட்டால் பல்கலைக்கழகம், வேலை, குடியுரிமை விண்ணப்பம் என்று ஒவ்வொரு கதவிலும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும்.

செய்ய வேண்டியது: கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பிறந்த திகதியையும் பாருங்கள். பிழை இருந்தால் பாடசாலையின் பரீட்சை அலுவலருக்குக் கடவுச்சீட்டுப் பிரதியோடு எழுதுங்கள். வகுப்பாசிரியரிடம் வாய்ச்சொல்லாகச் சொன்னால் அது பரீட்சை அலுவலரிடம் போய்ச் சேரும் என்று நிச்சயமில்லை. பரீட்சைகள் தொடங்குமுன் திருத்துவது எளிது. சான்றிதழ் அச்சாகி வந்த பிறகு பணமும் ஆவணமும் காத்திருப்பும் தேவைப்படும்.

அதே தாளில் இன்னொன்றையும் கவனியுங்கள். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் 'ஃபவுண்டேஷன்', 'ஹையர்' என்று இரண்டு நிலைகள் உண்டு. ஜிசிஎஸ்இ தரங்கள் 1 முதல் 9 வரை, 9தான் மிக உயர்ந்தது. ஃபவுண்டேஷனில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் தரம் 5க்கு மேல் வராது. கணிதத்தை ஏ லெவலுக்கு எடுக்க ஆசைப்படும் பிள்ளைக்குப் பல சிக்ஸ்த் ஃபோர்ம்கள் (ஏ லெவல் நடத்தும் இயர் 12, 13 பிரிவுகள்) 6, 7 என்று கேட்கும். இதை இயர் 11 மே மாதத்தில் கண்டுபிடித்துப் பயனில்லை. இயர் 10 கோடைத் தவணையிலேயே 'என் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது, மேலே போக என்ன செய்ய வேண்டும்?' என்று கேளுங்கள்.

இங்கு வந்து அதிக காலம் ஆகாத பிள்ளை என்றால், சில பாடங்களில் இருமொழி அகராதி வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்யலாம். அதற்குப் பிள்ளை வகுப்பிலும் வழக்கமாக அகராதி பயன்படுத்தியிருக்க வேண்டும். ஆகவே இதுவும் இயர் 10இலேயே தொடங்க வேண்டிய பேச்சு.

4. பரீட்சை நாளுக்கான ஒழுங்கு

காலைப் பரீட்சை 9 மணி, பிற்பகல் 1.30 மணி. அரை மணி முன்னதாகவே பாடசாலையில் நிற்க வேண்டும். காலை 10 மணிக்குப் பிறகு வந்தால் 'மிகவும் தாமதம்' என்று பதிவாகும். பாடசாலை எழுத விட்டாலும் பரீட்சைச் சபை அந்த விடைத்தாளை ஏற்காமல் விடலாம்.

முதல் நாள் இரவே மேசையில் எடுத்து வைக்க வேண்டியவை: இரண்டு கறுப்புப் பேனை, பென்சில், அழிறப்பர், அடிமட்டம், மூடி கழற்றிய கல்குலேட்டர், எல்லாம் உள்ளே தெரியும்படியான பையில். தண்ணீர்ப் போத்தலும் உள்ளே தெரிய வேண்டும், லேபிளை உரித்துவிடுங்கள். லேபிளில் குறிப்பு எழுதிக் கொண்டுபோக முடியும் என்பதால்தான் இந்தக் கண்டிப்பு.

கைபேசியும் எந்த வகைக் கைமணிக்கூடும் உள்ளே போகக்கூடாது. அணைத்து வைத்திருந்த ஃபோன் சட்டைப்பையில் இருந்தாலே விதிமீறல். அது அடிக்காவிட்டாலும், பிள்ளை அதைத் தொடாவிட்டாலும் புள்ளி பறிபோகலாம், பாடமே ரத்தாகலாம். ஃபோனை வீட்டில் விட்டுச் செல்வதுதான் பாதுகாப்பு.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மே, ஜூன் வார இறுதிகளில் அழைப்பிதழ்கள் வந்தபடி இருக்கும். ஞாயிறு இரவு மண்டபத்தில் பதினொரு மணி வரை இருந்துவிட்டுத் திங்கள் காலை ஒன்பதுக்கு விஞ்ஞானம் எழுதச் சொல்வது பிள்ளைக்கு நியாயமில்லை. 'பரீட்சை முடியும் வரை இவள் எங்கேயும் வரமாட்டாள்' என்று ஏப்ரலிலேயே உறவினருக்குச் சொல்லிவிடுங்கள். இயர் 11 பிள்ளைக்கு அரங்கேற்றம் வைக்க நினைத்தால் ஜூலைக்குத் தள்ளுங்கள்.

5. சுகவீனம்: காத்திருக்காமல் அழையுங்கள்

புல் மகரந்தம் அதிகமாகப் பரவும் காலமும் பரீட்சைக் காலமும் ஒன்றாகவே வருகின்றன. கண் அரித்து மூக்கு ஒழுகும் பிள்ளைக்கு, தூக்கக் கலக்கம் தராத வகை ஒவ்வாமை மாத்திரை எதுவென்று மருந்துக்கடையில் ஏப்ரலிலேயே கேளுங்கள். புதிய மாத்திரையைப் பரீட்சையன்று முதன்முதலாகக் கொடுக்காதீர்கள், எந்த உடம்பு எப்படி ஏற்கும் என்று தெரியாது.

பரீட்சையன்று காலையில் சுகமில்லை என்றால் பாடசாலையை உடனே அழையுங்கள். எழுந்து உட்கார முடிந்தால் போய் எழுதுவதே நல்லது. அப்படி எழுதினால் பாடசாலை 'விசேட கவனிப்பு' கோரி விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் கூடுதல் புள்ளி சிறியது, மிகக் கடுமையான நிலைக்கே 5 சதவீதம். வரவே முடியாவிட்டால் மற்ற வினாத்தாள்களை வைத்துக் கணிக்க வழியுண்டு, ஆனால் அந்தப் பாடத்தில் குறைந்தது கால்வாசியாவது எழுதியிருக்க வேண்டும். பெற்றோர் நேரடியாகப் பரீட்சைச் சபைக்கு எழுத முடியாது, எல்லாம் பாடசாலை வழியாகத்தான்.

6. பொதுப் பரீட்சை இல்லாத வகுப்புகளைக் கைவிடாதீர்கள்

வீட்டில் ஒரு பிள்ளை ஜிசிஎஸ்இ எழுதினால் மற்றப் பிள்ளை கண்ணில் படுவதே இல்லை. இயர் 7, 8இல் ஆண்டிறுதிச் சோதனைகள் நடக்கும். அடுத்த வருடம் எந்த செட்டில் (திறனுக்கேற்பப் பிரிக்கும் வகுப்பில்) இருப்பார்கள் என்பதில் அதற்குப் பங்குண்டு. இயர் 10இல் பல பாடசாலைகள் ஜூன், ஜூலையில் மாதிரிப் பரீட்சை வைக்கும், வேலை அனுபவ வாரமும் வரலாம். அதற்கான இடத்தைப் பெரும்பாலும் குடும்பமே தேட வேண்டும். கடைசி நேரத்தில் தெரிந்தவரின் கடையில் நிற்க வைப்பதைவிட, பிள்ளைக்கு விருப்பமான துறையில் ஒருவருக்குப் பெப்ரவரியிலேயே எழுதுவது பலன் தரும்.

இயர் 12தான் நம்மவர்கள் குறைத்து மதிப்பிடும் வருடம். ஜூன், ஜூலையில் நடக்கும் உள்ளகப் பரீட்சையை வைத்தே பல பாடசாலைகள் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் எதிர்பார்ப்புத் தரத்தை முடிவு செய்கின்றன. ஓக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் ஆகியவற்றுக்கு விண்ணப்ப முடிவுத் திகதி ஒக்டோபர் 15. மருத்துவத்துக்கு யூகேட் என்ற நுழைவுப் பரீட்சையும் எழுத வேண்டும். அது ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை நடக்கும், வருடத்தில் ஒரு முறைதான் எழுதலாம். 'செப்டெம்பரில் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டால் பிள்ளையின் கையில் சில கிழமைகளே மிஞ்சும்.

தவணை முடியுமுன் ஆண்டு அறிக்கை வரும். தரத்தை மட்டும் பார்த்து மூடிவைக்காமல் வருகை வீதத்தையும், படிப்பில் காட்டும் ஈடுபாட்டுக்கான குறியையும் பாருங்கள். தரம் விழுவதற்கு முன் ஈடுபாட்டுக் குறிதான் முதலில் விழும். ஆசிரியரைச் சந்திக்கும்போது ஆங்கிலம் தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் கிடைக்குமா என்று முன்பே கேளுங்கள், அல்லது நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிப்போங்கள். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன்னைப் பற்றிய குறையைத் தானே தாய்க்குச் சொல்ல வேண்டிய நிலையில் எந்தப் பிள்ளையும் முழுவதையும் சொல்லாது.

7. சுற்றுலா, பணம், புதிதாகச் சேரும் பிள்ளை

பாடசாலை நேரத்துக்குள் நடக்கும் சுற்றுலாவுக்குக் கேட்கும் பணம் சட்டப்படி விரும்பிக் கொடுப்பது. கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளையை அதற்காக விட்டுச்செல்ல முடியாது. கைகூடவில்லை என்றால் அலுவலகத்திடம் சொல்லுங்கள், வெட்கப்பட எதுவும் இல்லை. வெளிநாட்டுச் சுற்றுலா என்றால் இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பிள்ளைக்கு விசா தேவைப்படலாம். முற்பணம் கட்டுமுன் இதைப் பாடசாலைக்குத் தெரியப்படுத்துங்கள். இலவச உணவு பெறும் பிள்ளைகளுக்குக் கோடை லீவில் உணவோடு கூடிய இலவச நிகழ்ச்சிகளைக் கவுன்சில்கள் நடத்துகின்றன. இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், ஜூனிலேயே தேடுங்கள்.

செப்டெம்பரில் இயர் 7க்குப் போகும் பிள்ளைக்கு ஜூலையில் அறிமுக நாளும் பெற்றோர் மாலைக் கூட்டமும் இருக்கும். கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். பழைய சீருடை விற்பனை பெரும்பாலும் அன்றுதான் நடக்கும். பிளேஸரை அங்கே வாங்கினால் பெரிய செலவு மிச்சம். சப்பாத்தை மட்டும் ஆகஸ்ட் கடைசியில் வாங்குங்கள், லீவுக்குள் கால் வளர்ந்துவிடும். சேர்க்கைப் படிவத்தில் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதினால் மூன்றாம் படியில் சொன்ன தலைவலி உங்களுக்கு வராது. லண்டன் என்றால் 11–15 ஸிப் ஓய்ஸ்டர் என்ற பிள்ளைகளுக்கான பயண அட்டைக்கும் ஜூலையிலேயே விண்ணப்பியுங்கள்.

8. ஆகஸ்ட்: பெறுபேறும் அதற்குப் பிறகும்

இயர் 11 பிள்ளை இருக்கும் வீடு, ஆகஸ்ட் 20க்கு முன் திரும்பும்படி டிக்கெட் எடுக்க வேண்டும். காரணம் பெறுபேற்றைப் பார்ப்பது மட்டும் அல்ல. பல சிக்ஸ்த் ஃபோர்ம்களும் கல்லூரிகளும் அன்றோ மறுநாளோ நேரில் பதிவு செய்யக் கேட்கின்றன. வராத பிள்ளையின் இடம் வேறொருவருக்குப் போகலாம். இயர் 13 என்றால் ஆகஸ்ட் 13 காலையில் பிள்ளை ஃபோனோடு தயாராக இருக்க வேண்டும். தேவையான தரம் கிடைக்காவிட்டால் கிளியரிங் (பல்கலைக்கழகங்களில் மீந்திருக்கும் இடங்களை நிரப்பும் முறை) வழியாக இடம் தேடும்போது பல்கலைக்கழகம் பிள்ளையோடுதான் பேசும், உங்களோடு பேசாது.

எப்படியும் வர முடியாத நிலை என்றால் ஜூலையிலேயே பாடசாலையிடம் கேளுங்கள். வேறொருவர் பெறுபேற்றை வாங்க வேண்டுமானால் பிள்ளை கையெழுத்திட்ட கடிதமும் வாங்குபவரின் அடையாள ஆவணமும் கேட்பார்கள். பெற்றோரே போனாலும் இந்தக் கடிதம் தேவைப்படும்.

ஜிசிஎஸ்இயில் 4 வழமையான சித்தி, 5 வலுவான சித்தி. ஆங்கிலத்திலோ கணிதத்திலோ 4 கிடைக்காத பிள்ளை, அடுத்த படிப்போடு சேர்த்து அதையும் தொடர்ந்து படிக்க வேண்டும். நவம்பரிலேயே திரும்ப எழுதலாம். புள்ளியில் சந்தேகம் இருந்தால் மறுபரிசீலனைக்கு விண்ணப்பிப்பதும் பாடசாலை வழியாகத்தான். தரம் ஏறவும் கூடும், இறங்கவும் கூடும். ஆகையால் மேல் தரத்துக்கு ஒன்றிரண்டு புள்ளிதான் குறைவு என்றால் கேளுங்கள். இல்லையென்றால் ஆசிரியரின் ஆலோசனையை முதலில் எடுங்கள்.

அன்று கையில் கிடைப்பது பெறுபேற்றுத் தாள் மட்டுமே. உண்மையான சான்றிதழ்கள் இலையுதிர் தவணையில்தான் வரும். வேறு கல்லூரிக்குப் போன பிள்ளைகள் பழைய பாடசாலைக்குத் திரும்பி வந்து அவற்றை எடுக்காமலே விட்டுவிடுகிறார்கள். பாடசாலை குறைந்தது 12 மாதம்தான் வைத்திருக்க வேண்டும். நவம்பர் கடைசியில் அலுவலகத்தை அழைத்து, வந்துவிட்டதா என்று கேட்டுப் போய் வாங்குங்கள். வாங்கிய இடத்திலேயே உறையைத் திறந்து பெயரை மறுபடியும் ஒருமுறை கடவுச்சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.